தாங்கிப் பிடிக்கலாம், தள்ளக் கூடாது

சென்ற ஆண்டு நம் பங்கின் திருவிழாவையொட்டிச் சிறுவர்க்கும் இளைஞர்க்கும் விளையாட்டுப் போட்டிகள் நடத்தினோம். அவற்றுள் ஒன்று மிதிவண்டிப் பந்தயம். குளக்கரையில் தொடங்கிக் கோவில் மேட்டில் முடிவது. முதல் மூவர் வந்து சேர்ந்ததும் கைதட்டல் ஊரை எழுப்பிற்று. ஒலிபெருக்கியில் அம்மூவர் பெயர்களையும் நாமே வாசித்தோம், பரிசும் அளித்தோம். கூட்டம் கலையத் தொடங்கிய வேளையில், எல்லாருக்கும் பின்தங்கிவிட்ட சிறுவன் ஒருவன், தன் உயரத்துக்குப் பொருந்தாத தந்தையின் வண்டியில், நின்றபடியே மிதித்து மேடேறி வந்தான். இறங்கித் தள்ளிக்கொண்டு வந்திருக்கலாம், அவன் இறங்கவில்லை. உச்சியை அடைந்தவனை எதிர்கொண்டது தந்தையின் கை. "மானத்தை வாங்கிவிட்டாயே" என்று ஊரார் முன்னிலையில் அவன் கன்னத்தில் அறைந்தார் அவர்.

தந்தையைக் கண்டிக்க வாயெடுத்தோம். ஆனால் சொல் எழவில்லை. நம் கையிலிருந்த தாளில் மூன்று பெயர்களே எழுதப்பட்டிருந்தன. அச்சிறுவன் மேட்டை எவ்வளவு நேரத்தில் ஏறினான் என்று குறித்துவைத்தவர் எவருமில்லை. தந்தை அவனை அறைந்தார். நாமோ அவனைக் காணவேயில்லை. எவர் குற்றம் பெரிது?

அன்றிரவு செபமாலை முடித்து உட்கார்ந்தபோது, பல ஆண்டுகளாக நாம் ஆர்வத்தோடு படித்துவரும் ஒரு விளையாட்டு நினைவுக்கு வந்தது. தொழிலாகப் பந்தயம் ஓடாத சாதாரண மனிதர்கள், மேட்டுப் பாதையில், ஒருவர் பின் ஒருவராக மிதிவண்டியில் ஏறும் போட்டி அது. அதன் விதிகளில் ஒன்று நம் மனத்தைக் குத்திற்று. அதைப் பெற்றோர் அனைவரோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை வரைகின்றோம்.

ஒருவர் பின் ஒருவராக

இவ்விளையாட்டின் தாயகங்களுள் ஒன்று இங்கிலாந்து. சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டின் இறுதியில், கூட்டமாகப் பந்தயம் ஓடியோரால் சாலையில் சென்ற குதிரை வண்டிகளுக்கு இடையூறு நேர்ந்தது. பொதுச் சாலைகளில் பந்தயமே கூடாது என்று அந்நாட்டின் தேசிய மிதிவண்டிச் சங்கம் தடுத்தது. அப்போது எஃப். டி. பிட்லேக் என்பவரும் அவர் நண்பர்களும் ஒரு வழி கண்டனர். கூட்டமாக ஓடினால்தானே தொல்லை? ஒவ்வொருவரும் தனித்தனியே புறப்படட்டும். கடிகாரம் தீர்ப்புச் சொல்லட்டும். இந்த முறையில் 1895 அக்டோபர் 5-ஆம் நாள் 50 மைல் தூரத்துக்கு ஒரு போட்டி நடைபெற்றது. பந்தயம் என்று எவரும் ஐயுறாதபடி கறுப்பு உடை அணிந்து, விடியற்காலையில், ஊர் விழிக்குமுன் அவர்கள் ஓடினார்கள்.

மேடேறும் போட்டி இதனினும் பழைமையானது. இலண்டனைச் சேர்ந்த கேட்ஃபர்டு மிதிவண்டிச் சங்கம் 1887-இல் கென்ட் மாவட்டத்தின் வெஸ்டர்ஹாம் குன்றில் அதைத் தொடங்கிற்று. பின்னர் அப்போட்டி யார்க்ஸ் ஹில் என்னும் குறுகிய பாதைக்கு மாறி அங்கேயே நிலைபெற்றது. உலகில் இன்றளவும் நடந்துவரும் மிகப் பழைய மிதிவண்டிப் போட்டிகளுள் இதுவும் ஒன்று. 1944-இல், உலகப்போர் முடியாதிருந்த நாளிலேயே, மேடேறுவதில் நாடு முழுமைக்குமான முதல் சாம்பியன் போட்டி கென்ட் மாவட்டத்தில் நடந்தது.

யார்க்ஸ் ஹில் நீளமான பாதை அன்று. 700 கெஜ அளவே. ஆனால் சராசரியாக எட்டடி முன்னே சென்றால் ஓரடி மேலே ஏறவேண்டும். மிகச் செங்குத்தான இடத்தில் நான்கடிக்கு ஓரடி. இருமருங்கும் மரங்கள் கவிந்திருக்கும். போட்டி நடப்பது அவர்களுடைய இலையுதிர் காலத்தில். ஆகவே பாதையில் ஈரச் சருகுகள் படிந்திருக்கும். எழுந்து நின்று மிதித்தால் பின் சக்கரம் வழுக்கும், உட்கார்ந்தே மிதித்தால் முன் சக்கரம் தரையைவிட்டு எழும். வல்லவர்கள் இரண்டு நிமிடத்துக்குள் ஏறிவிடுகின்றனர். மற்றவர்களுக்கு மூன்று, நான்கு நிமிடங்கள் ஆகலாம். சிலர் நடுவழியில் இறங்கிவிடுவதும் உண்டு.

இரண்டு நிமிடந்தானே என்று எண்ணவேண்டா. மனிதனும் வண்டியுமாக ஏறத்தாழ 80 கிலோ, அதாவது ஒரு நெல் மூட்டை அளவு எடை, 80 மீட்டர் உயரத்துக்குத் தூக்கப்படுகிறது. இருபத்தைந்து மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சிக்கு இரண்டு நிமிடத்தில் நெல் மூட்டையைக் கொண்டுசேர்ப்பதற்கு ஒப்பு இது. சமவெளியில் வேகமாகச் செல்வோர்க்குக் காற்றே பெரும் எதிரி. செங்குத்தான மேட்டிலோ வேகம் குறைவாதலால் காற்று எதிரியாவதில்லை. தன் எடையே தனக்கு எதிரி. ஆகவே தண்ணீர்க் குப்பி, மட்கார்டு, கைப்பிடியில் சுற்றிய நாடா ஆகியவற்றையும் கழற்றி எறிவார்கள். திருகாணிகளில் துளையிட்டு எடையைக் குறைத்தவர்களும் உளர். வேண்டாத சுமைகளோடு மோட்சப் பாதையில் ஏற நினைக்கும் நமக்கு இதில் பாடம் இல்லையா?

இனி அந்த விதிக்கு வருவோம். மிதிவண்டி நின்ற நிலையில் தன் இரு கால்களையும் மிதிகட்டைகளில் வைத்துக்கொண்டு நிமிர்ந்திருப்பது எளிதன்று, பெரும்பாலோர் சாய்ந்துவிடுவர். எனவே துணையாள் ஒருவர் பின்னே நின்று இருக்கையைப் பிடித்துக்கொள்வார். நேரங்குறிப்பவர் தம் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ணுவார். நேரம் வந்ததும் துணையாள் கையை எடுத்துவிடவேண்டும். தாங்கிப் பிடிக்கலாம், தள்ளக் கூடாது. இதுவே விதி. ஒரு நிமிடம் கழித்து அடுத்தவர் புறப்படுவார்.

உச்சியிலும் சிலர் காத்திருப்பர். ஏறி முடித்தவர்க்கு நிற்கவும் வலிமை இராது. மூச்சு இரைக்கும், கண் இருளும். அவர் வண்டியோடு சாயுமுன் இரு கைகள் அவரைத் தாங்கும். ஒருவர் கம்பளியைத் தோளில் போர்த்துவார். எத்தனையாவது இடம் என்று அப்போது யாரும் கேட்பதில்லை. பின்பு ஊர்ப் பொதுக்கூடத்தில் தேநீர் அருந்திக்கொண்டு எல்லாரும் ஒரு பலகையைச் சுற்றி நிற்பர். முதல்வர் பெயர் மட்டுமன்று, ஏறி முடித்த ஒவ்வொருவர் பெயரும் அதில் எழுதப்படும். பக்கத்தில் அவருடைய நேரம், நொடி பிசகாமல்.

அன்பார்ந்த பெற்றோரே, தொடக்கத்தில் தாங்கும் கை, நடுவே விலகி நிற்கும் கை, முடிவில் போர்த்தும் கை: இம்மூன்றையும் எண்ணிப் பாருங்கள். நம் கோவில் மேட்டில் அன்று இம்மூன்றில் ஒன்றேனும் இருந்ததா?

அளவறிந்து ஏறுக

இப்போட்டியில் கலந்துகொள்வோர் ஆசிரியர், தச்சர், மாணவர், இல்லத்தலைவியர் என்று பலதிறப்பட்டவர். மூத்தோர்க்குத் தனிப்பிரிவு உண்டு, பெண்களுக்கும் உண்டு. கிடைக்கும் பரிசு பெரும்பாலும் பயணச் செலவுக்கும் காணாது. இத்தகையோரை 'அமேச்சூர்' என்கிறோம். குருமடத்தில் இலத்தீன் கற்ற நமக்கு அச்சொல்லின் வேர் தெரியும். 'அமாத்தோர்' என்றால் அன்பு செய்பவர். கூலிக்காகவோ புகழுக்காகவோ அன்றி, அன்பினால் ஒன்றைச் செய்பவரே அமேச்சூர். ஆனால் நாம் இன்று அச்சொல்லை 'அரைகுறை' என்னும் பொருளில் வழங்குகிறோம். அன்புக்கு நாம் வைத்துள்ள மதிப்பு அவ்வளவுதான் போலும்!

மேட்டில் புதியவர்கள் செய்யும் பிழை ஒன்றே: தொடக்கத்தில் பாய்வது. தசைகளில் உடனடியாகக் கிடைக்கும் ஆற்றல் சில நொடிகளுக்கே போதும். மூச்சின் வழி வரும் பிராணவாயு தசைகளின் தேவைக்கு ஈடுகொடுக்க ஓரிரு நிமிடமாகும். இடைப்பட்ட வேளையில் உடல் கடன் வாங்கியே வேலை செய்கிறது. அடிவாரத்திலேயே அளவுக்கு மீறிக் கடன் வாங்கியவன் பாதி வழியில் அதைத் திருப்பிச் செலுத்த நேரிடும். கால்கள் எரியும், கல்லாய்க் கனக்கும். பார்ப்போரின் ஆரவாரத்துக்கு மயங்கி முதல் வளைவில் பறந்தவன், மரங்களுக்கிடையே எவரும் பாராத இடத்தில் நின்றுவிடுவான். அனுபவம் மிக்கவனோ அடிவாரத்தில் தன்னை அடக்குவான். உச்சியில் எதையும் மிச்சம் வைக்காமல் கொடுத்துவிடுவான். அறிவுடைமை, மட்டுத்திட்டம் என்று ஞானோபதேசத்தில் நாம் மனப்பாடம் செய்த புண்ணியங்கள் இவையே.

கூட்டப் பந்தயத்தில் முன்னே செல்பவனின் முதுகைப் பார்த்து ஓடலாம். அவன் காற்றைத் தடுத்துக் கொடுப்பான். இங்கு அது இல்லை. முன்னே எவருமில்லை, பின்னே எவருமில்லை. மேடு, கடிகாரம், தான். இறைவன்முன் தனித்து நிற்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியை இது நமக்கு நினைவூட்டுகிறது. அங்கும் பிறர் எவ்வளவு ஏறினார் என்ற கேள்வி எழுவதில்லை. நீ நேற்றைவிட இன்று எவ்வளவு ஏறினாய் என்பதே கேள்வி. விளையாட்டு வீரரை உவமையாக்கிக் கொரிந்தியர்க்கு எழுதிய புனித சின்னப்பர், தம் உடலை அடக்கிப் பயிற்றுவதைப் பற்றிப் பேசியதும் இதனாலன்றோ?

மொட்டை மலை சொல்லும் இரு கதைகள்

பிரான்சு நாட்டின் தென்பகுதியில் மோன் வான்தூ என்றொரு மலை உண்டு. உயரம் ஏறத்தாழ 1,910 மீட்டர். உச்சிப்பகுதியில் மரமே இல்லை, வெண்கற்கள் மட்டுமே. பெதுவான் என்னும் ஊரிலிருந்து உச்சிவரை 21 கிலோமீட்டருக்கு மேல் ஏறவேண்டும். 1958-இல் 'தூர் தெ பிரான்சு' பந்தயத்தில் தனித்தனியாக நேரங்குறிக்கும் போட்டி இம்மலையில் நடந்தபோது, லக்சம்பர்க் நாட்டுச் சார்லி கோல் ஒரு மணி இரண்டு நிமிடத்தில் ஏறி வென்றார். இன்றும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான அமேச்சூர்கள் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இதில் ஏறுகின்றனர்.

ஏறுவோர் உச்சிக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் முன்பாக ஒரு நினைவுக்கல்லைக் காண்பர். அது டாம் சிம்ப்சன் என்னும் ஆங்கிலேயரின் நினைவுக்கல். சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனாய்ப் பிறந்து, 1965-இல் உலகச் சாம்பியன் ஆனவர் அவர். 1967 ஜூலை 13-ஆம் நாள், கடும் வெயிலில், பந்தயத்தின் நடுவே அவ்விடத்தில் தள்ளாடி விழுந்து இறந்தார். வயது 29. அது தனித்தனி நேரப்போட்டி அன்று. அவர் அமேச்சூரும் அல்லர். ஆயினும் அவர் முடிவு ஏறுவோர் எல்லார்க்கும் எச்சரிக்கை. அவர் உடலில் களைப்பை மறைக்கும் ஊக்கமருந்தும் மதுவும் காணப்பட்டன. வெயிலும், நீரின்மையும், மருந்தும் சேர்ந்து, நிறுத்து என்று உடல் எழுப்பிய குரலை அவர் கேளாதபடி செய்துவிட்டன. நாம் அவரைத் தீர்ப்பிடவில்லை; அவர் ஆன்மாவுக்காக மன்றாடுகிறோம். ஆனால் அவரைத் தள்ளிய கைகள் எத்தனை என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. பரிசு, ஒப்பந்தம், நாட்டின் எதிர்பார்ப்பு, இரசிகர் ஆரவாரம். பரிசுப்பணம் இல்லாத அமேச்சூர்களிடையேயும் தடைசெய்யப்பட்ட மருந்து பிடிபட்டதுண்டு என்பதை நினைக்கும்போது, தள்ளும் கை வெளியே மட்டுமன்று, மனிதனின் உள்ளேயும் இருக்கிறது என்று தெரிகிறது.

அதே மலையில் இன்னொரு கதை. இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க்கா தம் தம்பி கெரார்தோவோடு 1336 ஏப்ரல் 26-ஆம் நாள் அம்மலையில் கால்நடையாக ஏறியதாக ஒரு கடிதத்தில் எழுதியுள்ளார். தம்பி செங்குத்தான நேர்வழியில் ஏறினான். அண்ணனோ எளிய வழி தேடிப் பக்கவாட்டில் சுற்றினார். சுற்றிச் சுற்றிப் பள்ளத்தில் இறங்கியதுதான் மிச்சம், களைப்பு இரட்டிப்பாயிற்று. உச்சியை அடைவதற்கு எளிய வழி என்று ஒன்று இல்லை என உணர்ந்து இறுதியில் தம்பியை அடைந்தார். உச்சியில், தாம் கொண்டுவந்திருந்த புனித அகுஸ்தீனாரின் நூலைத் திறந்தார். மலைகளையும் கடல்களையும் வியந்துவிட்டுத் தன் உள்ளத்தைக் காணாமல் விடும் மனிதரைப் பற்றிய பகுதி கண்ணில் பட்டது. அவர் வாய் மூடி மௌனமாகவே கீழிறங்கினார் என்கிறது அக்கடிதம். தம்பியோ பின்னாளில் கர்த்தூசியன் சபையில் துறவியானார்.

மருந்தால் மலையைக் குறுக்க முடியாது. சுற்றுவழியால் அதைத் தாழ்த்தவும் முடியாது. தேர்வு எழுதும் நம் பிள்ளைகளுக்கும் இதுவே உண்மை. வினாத்தாளை விலைக்கு வாங்கித் தர முன்வரும் பெற்றோரும் பிள்ளையைத் தாங்கவில்லை, தள்ளுகிறார்கள்.

கிசால்லோ அன்னையின் நிழலில்

இத்தாலியில் கோமோ ஏரிக்கு மேலே, மக்ரேல்யோ என்னும் சிற்றூரை அடுத்து, 754 மீட்டர் உயரத்தில் ஒரு சிறு ஆலயம் உண்டு. ஏரிக்கரையிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் அப்பாதை மிதிவண்டி வீரர்களின் காலை எரியவைக்கும் பாதை. வழிப்பறிக் கள்வரிடம் அகப்பட்ட கிசால்லோ என்னும் பிரபு, அங்கிருந்த தேவதாயின் படத்தை நாடி ஓடி உயிர் தப்பினார் என்பது அவ்வூர் மரபு. அந்தப் பங்கின் குருவாயிருந்த எர்மெலிந்தோ விகானோ அடிகளார், வியர்வை சொட்ட ஏறிவந்து ஆலய வாயிலில் இளைப்பாறும் வண்டிக்காரர்களை நாள்தோறும் கண்டார். அவர்களுக்கு ஒரு தாய் வேண்டும் என்று விண்ணப்பித்தார். 1949 அக்டோபர் 13-ஆம் நாள் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் கிசால்லோ அன்னையை மிதிவண்டி ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார். பங்குக் குருவான நமக்கு அவ்வடிகளார்மீது சற்றே பொறாமை உண்டு. அவர் தம் வாயிலில் வந்தவர்களைக் கண்டார்.

அவ்வாலயத்தின் சுவர்களில் புகழ்பெற்ற வீரர்களின் வண்டிகள் காணிக்கையாகத் தொங்குகின்றன. அவற்றுள் ஒன்று வளைந்து நெளிந்திருக்கும். அது அப்பகுதியைச் சேர்ந்த ஃபாபியோ கசார்தெல்லியின் வண்டி. 1992-இல் பார்சலோனா ஒலிம்பிக்கில், அமேச்சூராக, தங்கப்பதக்கம் பெற்றவர். 1995-இல் பிரனேய் மலைச்சரிவில் இறங்கும்போது விழுந்து 24-ஆம் வயதில் இறந்தார். வென்ற வண்டியும் நொறுங்கிய வண்டியும் ஒரே தாயின் கூரைக்கீழ் இருக்கின்றன.

ஜீனோ பார்த்தாலியின் வண்டியும் அங்குண்டு. 1938-இலும் 1948-இலும் தூர் தெ பிரான்சை வென்ற பெருவீரர் அவர்; பக்தியுள்ள கத்தோலிக்கர். போர்க்காலத்தில், 1943-44-இல், யூதர்களின் உயிர் காக்கும் போலி அடையாளத் தாள்களைத் தம் மிதிவண்டியின் குழாய்க்குள் மறைத்து, பயிற்சிக்குச் செல்பவர்போல் பிளாரன்சுக்கும் அசிசிக்குமிடையே மிதித்தார். பிடிபட்டிருந்தால் மரணமே. வாழ்நாளெல்லாம் அதைப்பற்றி அவர் பெருமை பேசவில்லை. அவர் 2000-இல் இறந்தபின், 2013-இல்தான் எருசலேமின் யாத் வஷேம் நிறுவனம் அவரை நேர்மையாளர் வரிசையில் சேர்த்தது. கடிகாரம் குறிக்காத, கைதட்டல் இல்லாத அந்த ஓட்டமே அவர் வாழ்வின் மிகப்பெரிய ஏற்றம் என்போம்.

இங்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். மேடேறும் போட்டிகள் பெரும்பாலும் ஞாயிறு காலையில் நடப்பவை. நம் ஊர்களிலும் பயிற்சியும் தனிவகுப்பும் ஞாயிறு காலையையே பிடித்துக்கொள்கின்றன. விளையாட்டும் படிப்பும் பாவமல்ல. சனி மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலும் கடன் நிறைவேறும் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, 1248-ஆம் எண்ணில், வழி திறந்துள்ளது. வழி திறந்திருக்கும்போது பிள்ளையைப் பீடத்திலிருந்து பிரித்துப் பயிற்சிக்கு மட்டும் அனுப்புவது தாங்குவதாகுமா, தள்ளுவதாகுமா என்று பெற்றோரே முடிவு செய்யட்டும்.

நம் கோவில் மேட்டில்

இவ்வாண்டுத் திருவிழாவில் கூட்டப் பந்தயத்தை நிறுத்திவிட்டோம். திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பு, விரும்பிய சிறுவர் சிறுமியர் எல்லாரையும் ஒருவர் பின் ஒருவராகக் கோவில் மேட்டில் ஏறச்செய்து, நேரத்தைக் குறித்துக்கொண்டோம். திருவிழாவன்று மறுபடியும் ஏறினார்கள். மறைக்கல்விக் கூடத்துக் கரும்பலகை கோவில் முற்றத்துக்கு வந்தது. பத்தொன்பது பெயர்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் இரண்டு நேரங்கள். தன் பழைய நேரத்தை மிகுதியாகக் குறைத்தவர்க்குத் தனிப் பரிசு. வண்டியைப் பிடித்து நிற்கும் பொறுப்பைப் பெற்றோர்க்கே கொடுத்தோம். தாங்கலாம், தள்ளக்கூடாது என்று ஒலிபெருக்கியில் மும்முறை சொன்னோம். மும்முறை சொல்லியும் இரண்டு தந்தையர் தள்ளிவிட்டார்கள்; பழக்கம் எளிதில் போவதில்லை!

அந்தச் சிறுவனும் வந்திருந்தான். அதே உயரமான வண்டி. தந்தை இருக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எண்ணிக்கை முடிந்ததும் கையை எடுத்தார். எடுத்த கையை என்ன செய்வதென்று அறியாதவராய்ச் சற்று நேரம் நின்றார். பின்பு மகன் சென்ற மேட்டில் தாமும் நடக்கத் தொடங்கினார். அவர் மூச்சிரைக்க உச்சியை அடைந்தபோது, மகன் தாயின் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். பலகையில் அவன் பெயர் பதினான்காவதாக இருந்தது. தந்தை அதை மேலிருந்து கீழாகத் தேடிக் கண்டார். பக்கத்தில் நின்ற நம்மிடம் ஒன்றே கேட்டார்: "போன மாதத்தைவிடக் குறைவா, சாமி?"

"பதினொரு நொடி" என்றோம்.

அவர் மகனிடம் சென்று, வண்டியைத் தம் கையில் வாங்கிக்கொண்டார். இருவரும் மேட்டிலிருந்து இறங்கிச் சென்றார்கள்.

கல்வாரி மேட்டில் ஏறிய நம் ஆண்டவரும் மும்முறை விழுந்தார் என்று சிலுவைப்பாதையில் தியானிக்கிறோம். அவர் அன்னை அவரைத் தள்ளவுமில்லை, தடுக்கவுமில்லை. வழியில் நின்று கண்டார். முடிவில் மடியில் தாங்கினார். நம் இல்லங்களில் ஏறத் தொடங்கியிருக்கும் சிறு கால்களுக்கு அத்தாயின் கைகளைப் போன்ற கைகளை இறைவன் நமக்கு அருள்வாராக!